நெஞ்சு சுத்தம், முட்டி வீக்கம்

1

நேற்று என் வியாதிக்குப் பெயர் கிடைத்தது. ஏழு வருஷமாகப் பேர் தெரியாமல் என் உடம்பில் குடித்தனம் நடத்திய வியாதிக்கு, ஒரு ஊரின் பேரையே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் வருகிற கடலோரச் சின்ன ஊர் அது. அங்கே பிள்ளைகளுக்கு வரிசையாக முட்டி வீங்கியதாம், தாய்மார்கள் விடாமல் கத்தினார்களாம், அப்புறம்தான் பெரிய டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். மான் மேல் இருக்கிற உண்ணி, எள்ளு அளவுதான் இருக்கும், அது கடித்து வருவது என்று புது டாக்டர் சொன்னார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அங்கேயே, காகிதம் விரித்த அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபடி அழுதேன். டாக்டர் பயந்துபோய் டிஷ்யூ டப்பாவை நீட்டினார். பயப்படாதே தம்பி, இது சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதை இங்கிலீஷில் கோத்து முடிப்பதற்குள் அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நான் அழுதது முட்டிக்காக இல்லை. கோலார் தங்கவயலில், கோரமண்டல் பகுதியில், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் என் நைனா இருக்கிறார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இந்த வியாதியை எனக்குக் கொடுத்ததே தான்தான் என்று மூணு வருஷமாக அவர் மனசுக்குள் வைத்துக் குமைந்துகொண்டிருக்கிறார். இல்லை என்று சொல்ல என் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது ஒரு பேர் இருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ஊரில் படிக்கிறவர்கள், குழப்பமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவளே குழம்பித்தான் கிடக்கிறாள்.

2

நான் நர்ஸ். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் முட்டி சம்மதித்தால் மாடிப்படியில் நடந்து இறங்குவேன். சம்மதிக்காத நாளில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவேன். என் மகள் மாயா சின்னவளாக இருந்தபோது அதை விளையாட்டு என்று நினைத்துக் கூடவே உட்கார்ந்து இறங்குவாள். இப்போது பத்து வயசு. தோழிகள் வந்திருக்கும்போது நான் அப்படி இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் பேசுகிற வேகத்துக்கு என் இங்கிலீஷ் ஓடிப் பிடிக்க முடியவில்லை. என் தமிழோ அவளுக்கு சோறு, தூங்கு, வா, போ என்கிற அளவோடு நின்றுவிட்டது.

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர்கள் கேட்பார்கள். எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. ஒரு கோடைக்காலத்தில் தொடையில் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. படர்தாமரை என்று களிம்பு தடவினேன், போய்விட்டது. அப்புறம் காய்ச்சல். அப்புறம் ஒருநாள் காப்பி குடிக்கும்போது உதட்டோரமாக வழிகிறதே என்று கண்ணாடியில் பார்த்தால், முகம் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. அதுவும் சில வாரத்தில் நேராகிவிட்டது. அதற்கப்புறம்தான் முட்டி. வலது முட்டி இளநீர்க்காய் அளவுக்கு வீங்கும், வற்றும், இடது முட்டிக்குப் போகும், திரும்ப வலதுக்கு வரும். கூடவே ஒரு களைப்பு. படுத்து எழுந்தால் போகிற களைப்பு இல்லை அது. வேலை செய்கிற இடத்தில், தினமும் குளிப்பாட்டுகிற கிழவியின் பேர் மறந்துபோய் விழித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு டாக்டர் வாதம் என்றார். இன்னொருவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, வாதமே இல்லை, ரத்தம் சுத்தமாக இருக்கிறது என்றார். மூணாவது ஆளிடம், கால் பிடிச்சுக்குது, இழுக்குது என்பதை நானே இங்கிலீஷ் பண்ணி ‘கேட்சிங், புல்லிங்’ என்றேன். “யார் இழுக்கிறார்கள்?” என்று அவர் மெதுவாகக் கேட்டார். கையோடு மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கும் அதற்குமேல் பொறுமை இல்லை. “ஊருக்குப் போயி மூணு மாசம் இருந்துட்டு வா. இந்த மருந்து கேக்கல, நாட்டு மருந்தையாவது பாரு. மாயாவ நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் என்னை நம்பி அனுப்பினாரா, தொல்லை தாங்காமல் அனுப்பினாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

3

மூணு வருஷத்துக்கு முன்னால், பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, மாரிக்குப்பம் போகிற ரயிலில் கோரமண்டலில் இறங்கினேன். நைனாவும் அத்தையும் வந்திருந்தார்கள். நைனா அண்டர்கிரவுண்டில் ட்ரில்லிங் மிஷின் பிடித்தவர். நெஞ்சு பூராவும் கல்தூசி. எங்கள் ஊரில் ‘டஸ்ட்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேலே யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதற்குள் அவர் மூச்சு வாங்கி நின்றார். நான் கால் வலித்து நின்றேன்.

“நல்ல ஜோடிதான் போங்க” என்றாள் அத்தை. “ஒண்ணுக்குக் கால் இல்ல, ஒண்ணுக்குக் காத்து இல்ல. நான் யாரைத் தூக்கிகினு போறது?”

அத்தையின் பேர் பவுனம்மா, நைனாவின் தங்கச்சி. அவள் மகனுக்கு மைனில் வேலை இருந்ததால் லைன் வீடு கையை விட்டுப் போகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டில் நான் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, நைனா என் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“என் ஷிப்ட் துணிய நீதான ஒதறுவே” என்றார்.

எனக்குப் பத்து வயசிலேயே அம்மா போய்விட்டாள். ஷிப்ட் முடிந்து நைனா கழற்றிப் போடுகிற துணியை, ஊறவைப்பதற்கு முன்னால் சுவரில் அடித்து உதறுவது என் வேலை. வெள்ளையாகத் தூசி பறக்கும். மூக்கில் போகும், வாயில் போகும். தும்முவேன், மறுபடி அடிப்பேன்.

“அந்தத் தூசிய மூச்சுல இழுத்திருக்கே. இத்தினி வருசம் உள்ள உக்காந்துகினு இருந்து இப்ப வெளிய வருது” என்றார்.

“ஐயோ நைனா, டஸ்ட் நெஞ்சுலதான் உக்காரும். முட்டிக்கெல்லாம் வராது. நான் நர்ஸ், எனக்குத் தெரியாதா?”

“அப்ப இது இன்னா? சொல்லு.”

“தெரியல.”

“இன்னான்னே தெரியல. அப்பறம் அது இல்லன்னு மட்டும் எப்பிடிச் சொல்றே?”

அமெரிக்காவில் எத்தனையோ டாக்டர்களிடம் எதிர்க்கேள்வி கேட்டவள், அந்த ஒரு கேள்விக்குச் சேலையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து நைனா என் முட்டியைப் பார்க்காமல் என் முகத்தை மட்டும் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

4

ப்ளேட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். எக்ஸ்ரேயை எங்கள் ஊரில் ப்ளேட் என்பார்கள். முட்டிக்குள் எலும்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஆசை. ராபர்ட்சன்பேட்டையில் தனியார் ஒருவர் எக்ஸ்ரே மிஷின் வைத்திருந்தார். நொண்டி நொண்டி உள்ளே போய், “ரெண்டு முட்டியும் எடுக்கணும்” என்றேன். நைனா எனக்கு முன்னாலேயே அந்த ஆளிடம் ஏதோ பேசிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“இப்பிடி வந்து நில்லுங்க. பலகைல நெஞ்ச ஒட்டிகினு நில்லுங்க. தாடையத் தூக்குங்க. மூச்ச இழுத்துப் புடிங்க.”

முட்டிக்கு எதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டும்? நர்ஸ் புத்தி அங்கேதான் வேலை செய்யவில்லை. சொன்னபடி செய்து பழகிய உடம்பு, பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அவ்ளோதான், வாங்க.”

“முட்டி?”

“முட்டியா?” அந்த ஆள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “கோரமண்டல்லேர்ந்து வரீங்க. ட்ரில்லரு மக. உங்கப்பாவும் டஸ்ட்டுன்னு சொன்னாரு. இந்த ஊர்ல எவம்மா வந்து முட்டிக்கு ப்ளேட்டு எடுத்தான்?”

நான் எரிந்து விழுந்தேன். அவர் பிலிம் தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்க என்றார். ப்ளேட் காய்ந்து வந்ததும் நைனா ரோட்டிலேயே நின்று அதை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். எங்கள் லைனில் நெஞ்சு ப்ளேட்டைப் படிக்கத் தெரியாத ஆம்பிளை கிடையாது. எல்லாரும் அவரவர் ப்ளேட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். “சுத்தம்” என்றார் மெதுவாக.

லைனில் ஒரு வீட்டு ப்ளேட் சுத்தமாக வந்தால் அந்த வீட்டில் ஜிலேபி கொடுப்பது வழக்கம். அத்தை வாங்கி வந்துவிட்டாள். அக்கம்பக்கம் எல்லாரும் வந்தார்கள். நான் முக்காலியில் காலைத் தூக்கி வைத்து, வீங்கின முட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். “நெஞ்சு சுத்தமாமே! அப்ப ஒண்ணும் இல்ல யசோ, எழுந்து நட!” என்று என் கையில் ஜிலேபியை வைக்கிறார்கள்.

“முட்டி இருக்குதே, அதுக்கு இன்னா பண்றது?” என்றேன் பக்கத்து வீட்டம்மாவிடம்.

“அது கெடக்குது முட்டி” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ப்ளேட்டில் தெரியாத வியாதி எங்கள் ஊரில் வியாதியே இல்லை. ரத்தத்தில் தெரியாத வியாதி அமெரிக்காவில் வியாதி இல்லை. அவர்கள் மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள், இவர்கள் ஜிலேபி கொடுத்தார்கள். ரெண்டில் இது பரவாயில்லை என்று தின்றேன்.

நைனா மட்டும் ஜிலேபியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சு சுத்தம் என்றதும் அவர் மனசு ஆறிவிடும் என்று நான் நினைத்தேன். எல்லாரும் போனதும் சொன்னார்: “மேல தங்காம கீழ எறங்கிடுச்சு. நெஞ்சுல இருந்தாலாவது டாக்டருங்களுக்குத் தெரியும். கால்ல எறங்கினா எவனுக்குத் தெரியும்?”

“எறங்குறதுக்கு அது இன்னா கேஜ்ல ஏறியா போச்சு நைனா?” என்று கத்திவிட்டேன். கேஜ் என்பது சுரங்கத்தில் ஆளை இறக்குகிற கூண்டு. வேறு எப்போதாவது என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்றைக்கு எழுந்து உள்ளே போய்விட்டார்.

5

அப்புறம் வைத்தியப் படலம். அத்தை என்னை பூதிகோட்டைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாள். அங்கே முனிசாமி வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, “வாதம்மா. அந்த ஊரு பனி எலும்புல பூந்துகிச்சு” என்றார். நொச்சி இலை ஒத்தடம், முடக்கத்தான் கஷாயம், கற்பூரம் போட்டுக் காய்ச்சின எண்ணெய். பூண்டு நிறையச் சாப்பிடணும், புளி, கத்திரிக்காய், கருவாடு ஆகவே ஆகாது, ஒரு மண்டலம் பத்தியம்.

நைனா விடுவாரா? தங்கவயலிலேயே பாலகாட் பகுதியில் ஞானப்பிரகாசம் சார் என்று ஒருவர், மைன் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆகி ஹோமியோபதி பார்க்கிறவர். அவரிடம் கூட்டிப்போனார். இருட்டு என்றால் பயமா, இனிப்பு பிடிக்குமா உப்பு பிடிக்குமா, அழும்போது யாராவது சமாதானம் சொன்னால் கோபம் வருமா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருஷத்தில் ஒரு டாக்டரும் அவ்வளவு நேரம் என்னோடு பேசியதில்லை. அப்புறம் வெள்ளை உருண்டை கொடுத்தார். இதைச் சாப்பிடும்போது பூண்டு, காப்பி, கற்பூர வாசனை எதுவும் ஆகாது, மருந்து முறிந்துபோகும் என்றார்.

என் நிலைமையைப் பாருங்கள். காலையில் அத்தை கட்சி, பூண்டு ரசம். சாயங்காலம் நைனா கட்சி, பூண்டு வாசனை போக வாயைக் கொப்பளித்துவிட்டு உருண்டை. கற்பூர எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் உருண்டை பாட்டிலையே திறக்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் மருந்து. படித்த நர்ஸ் செய்கிற வேலையா இது என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஆனால் ரெண்டில் எதை விடுவது? விட்டதுதான் நிஜ மருந்தாக இருந்துவிட்டால்?

எங்கள் வீட்டில் புத்தர் படம் மட்டும்தான் உண்டு. தாயத்து, மந்திரம், எலுமிச்சம்பழம் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது என்பது நைனா போட்ட சட்டம். அதற்காக லைனில் எத்தனை பேரோடு சண்டை போட்டிருப்பார்! அத்தை எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கி வந்து, என் முட்டிக் கட்டுக்கு அடியில் ரகசியமாகச் சுற்றிவிட்டாள். மறுநாள் கட்டை அவிழ்த்த நைனா அதைப் பார்த்தார். போச்சு, வீடு ரெண்டாகப் போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் கயிற்றின் மேலேயே கட்டைத் திரும்பச் சுற்றி முடிச்சுப் போட்டார். தன் கொள்கையை விட்டுக் கொடுக்கிற அளவுக்கு இந்த மனுஷன் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டிருக்கிறாரே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நடுவில் எனக்கு இருமலும் காய்ச்சலும் வந்தது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கம்பவுண்டர் தினம் ஒன்றாகச் சில ஊசி போட்டார். “இன்னா மருந்துங்க?” என்றேன். “நல்ல மருந்தும்மா” என்றார். அதற்கு மேல் கேட்கத் தெம்பில்லை.

கொஞ்ச நாளில் வீக்கம் வற்றியது. ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன். எண்ணெய் என்றாள் அத்தை. உருண்டை என்றார் ஞானப்பிரகாசம் சார். ஊசி என்று நான் சந்தேகப்பட்டேன். தானாக வற்றுகிற நேரம் வந்து வற்றியதோ என்னவோ. நான் கிளம்புகிற அன்றைக்கு நைனா முகத்தில் வெளிச்சம் இருந்தது. “திரும்ப வராதுல்ல?” என்று கேட்டார். “வராது நைனா” என்றேன்.

வந்தது. இங்கே வந்து ரெண்டு மாசத்தில் இடது முட்டி. நான் ஊருக்கு எழுதவில்லை. ஆனால் மாயா தாத்தாவுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பும்போது, அம்மாவின் கால் மறுபடி மோசம் என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதிவிட்டாள். அத்தை மகன் அதைப் படித்துக் காட்டியிருக்கிறான். அதிலிருந்து நைனா என் காலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மழை இல்லை என்று மட்டும் எழுத வைத்து அனுப்புவார்.

6

இதை எழுத ஆரம்பித்துச் சில நாள் ஆகிவிட்டது. நடுவில் புது டாக்டரைத் திரும்பப் பார்த்தேன். பேர் கிடைத்துவிட்டது, மருந்து எங்கே என்றேன். சிலர் பென்சிலின் போட்டுப் பார்க்கிறார்கள், கேட்கிறது என்கிறார்கள், சிலர் ஆஸ்பிரின் போதும், தானே வற்றும் என்கிறார்கள், இத்தனை வருஷம் ஆனபிறகு எது கேட்கும் என்று தெரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று என்னையே கேட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் பூண்டு ரசத்துக்கும் வெள்ளை உருண்டைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்த மாதிரி எனக்குத் தலை சுற்றியது.

எது எப்படியோ, நைனா தலையிலிருந்து பாரத்தை இறக்கிவிடலாம் என்று ஒரு சந்தோஷம். ஆண்டர்சன்பேட்டையில் தெரிந்த மளிகைக்கடையில் போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வரச் சொல்லித் தந்தி கொடுத்து, டிரங்க் கால் புக் பண்ணினேன். எத்தனையோ நேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. முதலில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம்தான் வந்தது.

“நைனா, வியாதி இன்னான்னு தெரிஞ்சிடுச்சு! உண்ணி கடிச்சது. உண்ணி!”

“உண்ணியா? மாட்டு மேல இருக்குமே, அதுவா?”

“அதே மாதிரி. ஆனா இந்த ஊரு உண்ணி. இங்க புல்லுல, மான் மேல இருக்கறது. நம்ம ஊரு தூசி இல்ல. உன் துணி இல்ல. உன்னால இல்ல நைனா!”

“அமெரிக்கா உண்ணியா?”

“ஆமா! அமெரிக்கா உண்ணி!”

“பவுனு, அமெரிக்கா உண்ணியாம்!” என்று அவர் திரும்பிச் சொல்வது கேட்டது. அத்தை ஏதோ கத்தினாள், கடையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். அப்புறம் திரும்பவும் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது.

“அங்க போவச் சொன்னதும் நான்தான, யசோ?” என்றார்.

அவர் சொன்னது நிஜம். நான் போக மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்து அழுதேன். அவர்தான் என்னை மெட்ராசுக்குக் கூட்டிப் போனார், பெட்டி வாங்கினார், இந்தத் தூசியிலிருந்து நீயாவது தப்பிச்சுப் போ என்று பிளேன் ஏற்றி அனுப்பினார்.

“இல்ல நைனா! நானாத்தான் வந்தேன்!”

“இன்னா? கேக்கல.”

“நானாத்தான் வந்தேன்! எனக்கு ஆசையா இருந்துச்சு, வந்தேன்!”

“இன்னாம்மா? சரியா கேக்கல.”

மாயா சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்தாள். ஏன் தாத்தாவை இப்படித் திட்டுகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டாள். அவளைச் சும்மா இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, லைன் அறுந்துபோகிற வரைக்கும் அந்தப் பொய்யையே கத்திக்கொண்டிருந்தேன்.